ஒன்பதாம் இடம்: ஓர் ஓட்டக்காரப் பிள்ளையின் ஆறு ஆண்டுக் கணக்கு

2016 மார்ச். மாநில நிலைப் பள்ளி விளையாட்டுப் போட்டி, 18 வயதுக்குட்பட்ட பெண்கள் 1500 மீட்டர். மூன்றே முக்கால் சுற்று. முந்தின ஆண்டு 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வெண்கலம் வாங்கிய பிள்ளை அன்று ஒன்பதாவதாக வந்தாள். என் கைக்கடிகாரம் 5:19 காட்டியது. ஓராண்டுக்கு முன் அதே தூரம் 5:08. கோட்டைத் தாண்டியவள் விழவும் இல்லை, அழவும் இல்லை. ஸ்பைக் சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீப்பாயை நோக்கி நடந்தாள். இடது காலை லேசாகத் தாங்கித்தான் நடந்திருக்கிறாள். அதை நான் பார்க்கவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. பக்கத்தில் நின்ற வேறொரு பள்ளியின் பொறுப்பாசிரியர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைங்க பதினாறு ஆச்சுன்னா அவ்வளவுதான் சார்."

இரண்டு ஆண்டு கழித்து அதே பிள்ளை தேசிய நிலையில் 3000 மீட்டரில் நான்காவதாக வந்தாள். பதக்கமே இல்லாத ஓட்டத்துக்கு ஓர் ஆய்வா என்று கேட்கலாம். எனக்கு அந்த நான்காம் இடத்தைவிட இந்த ஒன்பதாம் இடம்தான் முக்கியம். அது எப்படி நேர்ந்தது, அதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு, வயதுப் பிரிவின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் பங்குதான் பெரிது.

நான் சம்பளத்துக்குப் பயிற்சி கொடுப்பவன் அல்ல. பகலில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை தொழிற்பேட்டையில் வேலை. மாலையில் செபராங் பிறைப் பக்கம் ஒரு திடலில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை ஓடவைப்பேன். கருவி என்று பார்த்தால் ஒரு கைக்கடிகாரம், ஒரு விசில், மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 நோட்டு. இங்கே வரும் நேரங்கள் எல்லாம் அந்த நோட்டில் உள்ளவை. கையால் அழுத்தி எடுத்தவை, கால் வினாடி முன்னே பின்னே இருக்கும். பிள்ளையும் அவள் அம்மாவும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தது நான்.

சடக்கும் நாய்களும்

தாத்தா காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லய வரிசை வீடுகள் இடிபட்டு, இப்போது மலிவு விலை அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. அப்பா லோரி ஓட்டுநர். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட். வீட்டை நடத்துவது பாட்டி.

2012-ல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக் குறுக்கோட்டம், சுமார் மூன்று கிலோமீட்டர். வெள்ளைப் பள்ளிச் சப்பாத்தோடு ஓடினாள். முடிவுக்கோட்டில் நிற்க வேண்டிய ஆசிரியர் பசியாறப் போயிருந்தார்; அவ்வளவு சீக்கிரம் யாரும் வந்து சேர்வார்கள் என்று அவர் நினைக்கவில்லை. பிள்ளை வந்து நின்று, ஆள் இல்லையே என்று மறுபடி திடலை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். இந்தக் கதையை அந்த ஆசிரியரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லி, "நீங்க ஒரு தடவை வந்து பாருங்க அண்ணே" என்றார். அப்படித்தான் அவள் என் கைக்கு வந்தாள்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றில் திடல் சின்னது. விளையாட்டுப் போட்டி என்றால் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம், சாக்கு ஓட்டம். நெடுந்தூரத்துக்குப் பிறந்த பிள்ளை அந்த 100 மீட்டரில் நான்காவதாக வந்து, "நமக்கு ஓட்டம் வராது" என்ற முடிவோடு வீட்டுக்குப் போய்விடும். இவளும் அப்படிப் போயிருக்க வேண்டியவள்தான்.

இயல்பாகவே அவளுக்கு இருந்தது வேகம் அல்ல, மூச்சு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கில் பெரியப்பா வீட்டுக்குப் போக வர ஐந்து கிலோமீட்டர். சைக்கிள் அண்ணனுக்கு, இவள் பின்னாலேயே ஓடுவாள். வழியில் இரண்டு நாய்கள். என் பயிற்சித் திட்டத்தில் உள்ள எந்த வேக ஓட்டமும் அந்த நாய்கள் கொடுத்த பயிற்சிக்கு ஈடாகாது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆறாம் ஆண்டுத் தேர்வில் மலாய்மொழி கைவிட்டது. 2013-ல் இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போக முடியாமல் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தாள். ஓர் ஆண்டு வீணாகிவிட்டது என்று வீட்டில் பெரிய அழுகை. அந்த ஓர் ஆண்டு பின்னால் எப்படி உதவியது என்பதைப் பார்ப்போம்.

பிறந்த மாதம் என்னும் பதக்கம்

நம் பள்ளிப் போட்டிகள் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படி. இடைநிலைப் பள்ளிக்கு 15 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு பிரிவு. வயதைக் கணக்கிடுவது பிறந்த ஆண்டை வைத்து. உலகத் தடகளப் போட்டிகளிலும் இளையோர் வயது போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ஐ வைத்துத்தான். விதி நியாயமானது, எளிமையானது. ஆனால் அது பிள்ளைகளை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இவள் பிறந்தது 2000 நவம்பர். 2013-ல் முதன்முதலாக 1500 மீட்டர் ஓடியபோது அவளுக்கு 12 வயதுதான் முடிந்திருந்தது. அதே கோட்டில் நிற்கத் தகுதியுள்ள ஒரு பிள்ளை 1998 ஜனவரியில் பிறந்தவளாக இருக்கலாம். இடையில் கிட்டத்தட்ட மூன்று வருடம். பெண் பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது பெரும்பாலும் 12 வயதை ஒட்டி. ஒருத்தி வளர்ந்து முடித்தவள், இன்னொருத்தி தொடங்காதவள். இவள் ஓடியது 5:41. மாவட்டத்தோடு சரி. 2014-ல் 5:22, மாநிலத்தில் ஐந்தாம் இடம். 2015-ல் பிரிவின் மூத்த பிள்ளைகளில் ஒருத்தியாக ஆனதும் 5:08, வெண்கலம், மாநில அணி. தேசிய இறுதியில் 5:06, ஆறாம் இடம்.

மூன்று வருடத்தில் 35 வினாடி. ஊரே கைதட்டியது. நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். இப்போது நோட்டைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி வளர்ச்சியும் வயதும் தானாகக் கொடுத்தது. வாரம் மூன்று நாள், மொத்தம் 18 கிலோமீட்டரில் தொடங்கி 2015-ல் 35 கிலோமீட்டர் வரை போயிருந்தோம். அதிகம் கெடுக்காமல் இருந்தேன் என்பதுதான் அந்த மூன்று வருடத்தில் என் சாதனை.

இனி 2016-க்கு வருவோம். 16 வயதில் பிள்ளை மறுபடி பிரிவின் கடைசிப் படிக்கு இறங்குகிறாள். அந்த ஆண்டு மாநில இறுதியில் யார் யார் என்ன நேரம் ஓடினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். இவள் தன் பழைய 5:08-ஐ அப்படியே ஓடியிருந்தாலும் ஆறாவதாகத்தான் வந்திருப்பாள். அதாவது மூன்றிலிருந்து ஒன்பதுக்கு விழுந்ததில் பாதி விழுகையே இல்லை. ஏணியை மாற்றி வைத்ததுதான். பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது. 13-ல் ஒன்றுமில்லை, 15-ல் பதக்கம், 16-ல் ஒன்றுமில்லை, 18-ல் மறுபடி மேலே என்று ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு அது. பிள்ளையின் உண்மையான கோடு நேரக் கணக்கில் இருக்கிறது. "பதினாறு ஆச்சுன்னா அவ்வளவுதான்" என்ற பேச்சில் பாதி இந்த ரம்பத்தைப் பார்த்துப் பிறந்தது. 2015 மாநில இறுதியில் நின்ற பன்னிரண்டு பேரும் 2017-ல் வயதுத் தகுதி உள்ளவர்கள்தான். 2017-ல் மறுபடி கோட்டில் வந்து நின்றவர்கள் நான்கு பேர்.

மீதிப் பாதி இருக்கிறதே, அந்த 11 வினாடி, அதற்கு வயதுப் பிரிவைக் குற்றம் சொல்ல முடியாது.

48 நாள்

2015 செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம். பினாங்குத் தீவு இந்தக் கரையிலிருந்து தெரியாமல் போன நாள்கள் உண்டு. காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளியில் வெளிப்புற நடவடிக்கை கிடையாது. பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். ஏறக்குறைய ஆறு வாரம் திடல் பக்கம் போகவில்லை. நவம்பரில் புகை விலகியதும் எனக்குள் ஒரு பதற்றம். தேசிய நிலையில் ஆறாவது வந்த பிள்ளை. அடுத்த ஆண்டு பெரிய பிரிவு. ஆறு வாரம் போய்விட்டது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஈடுகட்டிவிடலாம் என்று வாரம் 35 கிலோமீட்டரை ஒரேயடியாக 60-க்கு ஏற்றினேன். ஆறு நாள் பயிற்சி. அதில் மூன்று நாள் வேகம்.

இது தவறு என்று எனக்கு அப்போதே தெரியும். படித்ததும் உண்டு, மற்றவர்களுக்குச் சொன்னதும் உண்டு. நம் பிள்ளை தாங்கும் என்ற எண்ணம்தான்.

எனக்குத் தெரியாதது இன்னொன்று. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அப்பாவுக்கு லோரியில் ஏறி இறங்கும்போது கால் முறிந்து பல மாதம் வேலை இல்லை. கால் சரியானால் பால்குடம் எடுக்கிறேன் என்று பிள்ளை வேண்டிக்கொண்டிருந்தாள். 2016 தைப்பூசம் ஜனவரி 24. அதற்கு 48 நாள் முன்னால் என்றால் டிசம்பர் 7. நான் பயிற்சியை ஒரேயடியாக ஏற்றிய அதே வாரம் அவள் விரதம் தொடங்கியிருக்கிறாள். மீன் இல்லை, முட்டை இல்லை, ஒரு வேளை சோறு; மற்ற நேரம் பாலும் பழமும். ஏற்கெனவே செவ்வாய், வெள்ளி சைவம். புரட்டாசி மாதம் முழுவதும் சைவம். வாரம் 60 கிலோமீட்டர் ஓடும் 15 வயதுப் பிள்ளை அந்த உணவில் ஏழு வாரம் ஓடினாள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் பால்குடத்தோடு ஏறினாள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன். கூட்டத்தில் பார்த்து, "படி ஏறுறதும் பயிற்சிதான்" என்று கேலி வேறு செய்தேன்.

விரதத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் விரதம் இருக்கும், நேர்த்திக்கடன் இருக்கும். அது நம் வாழ்க்கை. ஒரு பிள்ளை வாரத்தில் எந்தெந்த நாள் என்ன சாப்பிடுகிறாள் என்று மூன்று ஆண்டில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை, பிழை அங்கே. ஓடிய தூரத்தைப் பத்து மீட்டர் விடாமல் எழுதியவன், சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

மார்ச் ஓட்டத்தின் சுற்றுக் கணக்கு இது: முதல் 300 மீட்டர் 55 வினாடி, பிறகு 81, 90, 93. ஒரு சுற்று முடிவதற்குள் பெட்ரோல் தீர்ந்த மோட்டார் மாதிரி.

அறைக்கு வெளியே

இரண்டு வாரம் கழித்து, இடது கெண்டைக்கால் எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் துள்ளினாள். எப்போதிருந்து என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடியே இருக்கு சார்." அரசு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை. எலும்பு அழுத்தக் காயம் ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. அங்கிருந்த பெண் மருத்துவர் அதோடு விடாமல் இரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவையும் பிள்ளையையும் மட்டும் உள்ளே வைத்துப் பேசினார்.

மாதவிலக்கு நின்று ஐந்து மாதம். அம்மாவுக்கும் அன்றுதான் தெரியும். ஷிப்ட் வேலை, பிள்ளையை முழுதாகப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை அதை வசதி என்று நினைத்திருக்கிறாள். ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று அணியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது நம் திடல்களில் மிகப் பரவலான பொய். உண்ணும் சக்தி ஓட்டத்துக்கே போய்விட்டால், மிச்சத்தில் உடம்பு குடும்பம் நடத்த வேண்டும். கையில் காசு குறைந்த மாதம் வீட்டில் எதை நிறுத்துவோமோ அதைப் போல, உயிர் வாழ உடனே தேவைப்படாததை உடம்பு முதலில் நிறுத்துகிறது. மாதவிலக்கு நிற்பது அந்த அறிவிப்பு. அதைக் கட்டுப்படுத்தும் சுரப்புநீர்தான் எலும்பையும் காக்கிறது. அது குறைந்தால் எலும்பு மெலிகிறது. 2014-ல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து, ஆண் பெண் இருபாலருக்கும் வரும் என்று அறிவித்தது. எனக்கு அந்தப் பெயர் காதில் விழுந்ததே 2016-ல், அந்த மருத்துவமனை நடைபாதையில்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.9, இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் சோகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 8, எல்லை 15. கிணறும் வற்றி, குடமும் காலி. 5:19-க்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இடையில் ஒருவர், "ட்ரிப் போட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஆள் தெரியும் முகவரி தெரியும் என்று வந்தார். மருத்துவமனைச் சிகிச்சைக்கு வெளியே 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழி ஏற்றுவது ஊக்கமருந்து விதிப்படி தடை. உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பது அடுத்த பிரச்சினை. 2019-ல் தோகாவில் ஆசியப் போட்டி 800 மீட்டரில் தங்கம் வாங்கி நம்மை எல்லாம் கொண்டாட வைத்த திருச்சி கோமதி மாரிமுத்து, நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அந்தத் தங்கத்தையும் நான்கு ஆண்டுகளையும் இழந்தார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு இந்த ட்ரிப் ஆசாமிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஓடாத ஆண்டு

எட்டு வாரம் ஓட்டமே இல்லை. அண்ணனின் சைக்கிள் கடைசியில் இவளுக்கு வந்தது. அந்த ஆண்டு முழுவதும் வேறு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. பள்ளியில் முகம் சுளித்தார்கள், புள்ளி போகிறதே. மாவட்ட அணிக்கு ஆள் குறைந்தால் ஒரே பிள்ளையை 800, 1500, 3000, அஞ்சல் என்று எல்லாவற்றிலும் நிறுத்துவது நம் வழக்கம், வெற்றிக் கிண்ணம் புள்ளியில் இருக்கிறது. இரண்டு நாளில் மூன்று ஓட்டம் நானே ஓடவைத்திருக்கிறேன், 2014-ல்.

விளையாட்டுப் பள்ளித் தேர்வு அழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 பதக்கத்துக்குப் பிறகு வந்தது, அம்மா அனுப்பவில்லை. எனக்கு அப்போது கோபம். போயிருந்தால் மருத்துவரும் உணவு நிபுணரும் பக்கத்திலேயே இருந்திருப்பார்கள், இது முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. போயிருந்தால் 5:19-க்குப் பிறகு திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று இன்னொரு மனம்.

சாப்பாட்டைப் பாட்டி கையில் எடுத்தார். காலையில் பள்ளிக்குப் போகுமுன் பசியாறாமல் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டு அவித்த முட்டை, நெத்திலிச் சம்பல், கேழ்வரகு, முருங்கைக்கீரை, வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல். மருத்துவர் இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரஞ்சுச் சாற்றோடு எடுக்கச் சொன்னார். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதால் சாப்பாட்டோடு தே இல்லை. இந்தத் தே விஷயத்தில்தான் வீட்டில் பெரிய சண்டை. "தே தண்ணி குடிச்சு நாங்க செத்தா போயிட்டோம்?" என்றார் பாட்டி. கடைசியில் மாலை ஐந்து மணிக்கு ஒரு கோப்பை என்று உடன்பாடு.

மாதக் கணக்குக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மற்ற ஆண் பயிற்றுநர்களுக்கு உதவலாம். நான் கேட்க முடியாது, பிள்ளை சொல்ல மாட்டாள். சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் பாட்டி ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். மாத முடிவில் எனக்குப் பாட்டியிடமிருந்து ஒரே சொல் வரும்: "சரி" அல்லது "இல்ல". "இல்ல" என்று வந்தால் அந்த மாதம் கிலோமீட்டர் ஏறாது, அடுத்ததும் "இல்ல" என்றால் மருத்துவர். 2016 ஆகஸ்டில் முதல் "சரி" வந்தது. எந்தப் பதக்கத்துக்கும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் திடலில் எல்லோருக்கும் ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அந்த மாதங்களில் உலகத்து இளையோர் ஓட்டக்காரிகளின் கதைகளை உட்கார்ந்து படித்தேன். கென்யாவின் பெய்த் கிப்யேகான் 2011-ல் உலகக் குறுக்கோட்ட இளையோர் வாகை, 2012-ல் 1500 மீட்டர் உலக இளையோர் வாகை. பிறகு 2016, 2021, 2024 என்று மூன்று ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம், நடுவில் ஒரு பிள்ளையும் பெற்றார். அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-ல் 17 வயதில் மாஸ்கோ உலகப் போட்டி 1500 மீட்டர் இறுதியில் ஓடினார், 2014-ல் 3000 மீட்டர் உலக இளையோர் வாகை. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை அவரே 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார்: எடையைக் குறைக்கச் சொன்ன நெருக்கடி, மூன்று ஆண்டு நின்ற மாதவிலக்கு, ஐந்து எலும்பு முறிவுகள். 17 வயதில் இருவரையும் பார்த்து யார் நிலைப்பார் என்று சொல்லியிருக்க முடியுமா? முடியாது.

நம் பக்கமும் வரலாறு சின்னதில்லை. எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடி, 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கியவர். பி. ராஜ்குமார் 1985-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 1:47.37-ல் வென்றார். எம். ராமச்சந்திரன் 10,000 மீட்டரில் 1994-ல் ஓடிய 29:30.19 பல பத்தாண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. இந்தப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது கண் விரியும். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் அந்த நேரங்களை வைத்து அளப்பதை 2016-க்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

சமச்சுற்று

2017-ல் வாரம் 40 கிலோமீட்டரில் தொடங்கி 45. 2018-ல் அதிகபட்சம் 52. ஐந்து நாள் ஓட்டம், வேகம் இரண்டே நாள். வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை; இங்கே மாலை ஐந்து மணிக்கும் 31 பாகை, சூரியன் மறைய ஏழரை ஆகும். நீண்ட ஓட்டத்தை ஞாயிறு விடியலில் செம்பனைச் சடக்கில் வைத்தோம். மேடு ஏற புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக் குன். மாதம் ஒருமுறை பத்து காவான் அரங்கின் ரப்பர் தடம்.

தடத்தில் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: முதல் 300-ல் பொறுமை. 15 வயதில் அவள் ஓடிய தேசிய இறுதி 57, 78, 84, 87, மொத்தம் 5:06. துப்பாக்கி வெடித்ததும் நாய் துரத்துகிற மாதிரி கிளம்புவாள், பிறகு ஒவ்வொரு சுற்றும் பின்னடைவு. இதை மாற்ற நான் ஒரு வருடம் விசில் ஊதினேன். 100 மீட்டருக்கு ஒரு ஊதல். ஊதலுக்கு முன் கம்பத்தைத் தாண்டினால் திட்டு. 2017-ல் 4:59, மாநிலத்தில் வெள்ளி, தேசியத்தில் ஐந்தாம் இடம். 2018 மாநில இறுதியில் 59, 79, 79, 77, மொத்தம் 4:54. முதல் 300-ல் பழைய தன்னைவிட இரண்டு வினாடி மெதுவாகப் போனவள், முடிவில் பன்னிரண்டு வினாடி முன்னால் நின்றாள். இதில் வளர்ச்சி கொடுத்தது கொஞ்சம்தான். இது அவள் சம்பாதித்தது.

புகுமுக வகுப்பில் போன அந்த ஓர் ஆண்டு இங்கேதான் திரும்பி வந்தது. நேராகப் படிவம் ஒன்றுக்குப் போயிருந்தால் 17 வயதில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துப் பள்ளியை விட்டிருப்பாள். 18 வயதிலும் படிவம் ஐந்தில் இருந்ததால் பிரிவின் மூத்தவளாக ஓர் ஆண்டு ஓடக் கிடைத்தது.

2018 தைப்பூசம் ஜனவரி 31, அன்று இரவு முழுச் சந்திர கிரகணம். மறுபடி பால்குடம் எடுக்க வேண்டும் என்றாள். இந்த முறை நவம்பரிலேயே சொன்னாள். பாட்டி, அம்மா, நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். 48 நாளும் சைவம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் மூன்று வேளையும் சாப்பாடு. பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, பேரீச்சை, இரவில் பால். வேக ஓட்டம் வாரம் ஒன்று. முருகன் கோபிக்க மாட்டாரா என்று நான் பாட்டியிடம் தயங்கித்தான் கேட்டேன். "அவனே மயில் மேல உலகத்தைச் சுத்தினவன்தானே, ஓட்டக்காரன் கஷ்டம் அவனுக்குத் தெரியும்" என்றார். அந்தப் போட்டியில் முருகன் தோற்றுப்போனார் என்பதை நான் நினைவூட்டவில்லை.

தேசிய நிலை 3000 மீட்டர், ஏழரைச் சுற்று. 10:41. சுற்றுக்குச் சராசரி எண்பத்தைந்தரை வினாடி, எந்தச் சுற்றும் அதிலிருந்து இரண்டு வினாடிக்கு மேல் விலகவில்லை. மூன்றாவது வந்த பிள்ளைக்கும் இவளுக்கும் இடையே நாலே எட்டு வைக்கும் தூரம். அடுத்த வாரம் பள்ளிச் சபைகூடலில் பதக்கம் வாங்கியவர்கள் பெயரை வாசித்தார்கள். இவள் பெயர் அதில் இல்லை.

எஸ்பிஎம் முடிந்து மேற்படிப்புக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு வந்து, தன் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆறு ஆண்டு, பதினோரு 555 நோட்டு, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் 2016 ஜனவரியில் நின்றாள். 400 மீட்டர் எட்டு முறை ஓட வேண்டிய நாள், ஐந்தோடு நிறுத்தியிருக்கிறாள். பக்கத்தில் என் கையெழுத்து: "மனசு இல்லை. சோம்பல்."

படித்துவிட்டுச் சிரித்தாள். "சார், அன்னைக்குக் காலையிலேருந்து ரெண்டு வாழைப்பழம்தான் சார் சாப்பிட்டிருந்தேன்."

நான் அந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, ஏறக்குறைய மூன்று ஆண்டு தாமதமாக, "2 வாழைப்பழம்" என்று எழுதினேன்.